வால்வின் வாயை அடைத்தவருக்கு

மச்சான்,

கட்டைவிரல் அளவு இரும்பு பிளக் ஒன்று என் மேசைமேல் கிடக்கிறது. குழாயின் வாயை ஒரேயடியாக மூடுவதற்கு வைப்பது. மரையில் சணல் சுற்றி, அதன்மேல் மஞ்சள் பெயின்ட் தடவியிருக்கிறது. "வெந்நீர் வசதி உண்டு" என்று உங்கள் வேனின் முதுகில் நீங்களே எழுதினீர்களே, அதே மஞ்சள். உங்கள் கருமாதி முடிந்த மறுநாள் உங்கள் வேன் ஷெட்டை ஒதுங்கவைத்தபோது கிடைத்தது. செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்கிறார்கள். நான் பேசப்போகிறேன்.

அவனியாபுரம் ஷெட்டில் அந்த வெந்நீர் டாங்கை உங்களுக்கு நான்தான் செய்துகொடுத்தேன். நவக்கிரகக் கோயில் டூருக்கு வரும் வயசாளிகள் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்க அஞ்சுகிறார்கள் என்று வந்து நின்றீர்கள். வேனின் பின்பக்கம் டாங்க், அதன் கீழே கேஸ் பர்னர், பக்கத்தில் திரை போட்ட குளியலிடம். மதுரையில் வேறு எந்த டூர் வேனிலும் இல்லாத வசதி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டீர்கள். நான் படித்துப் படித்துச் சொன்னேன். வண்டி ஓடும்போது பர்னரை அணைத்துவிட வேண்டும், டாங்க் நிரம்பாமல் பற்றவைக்கக் கூடாது, மாதம் ஒருமுறை சேஃப்டி வால்வின் கைப்பிடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

"சூடேறினா வால்வு சொட்டும் மச்சான். சொட்டட்டும். அதுக்குத்தேன் வச்சிருக்கு."

"சரிங்க எஞ்சினியரய்யா" என்று சிரித்தீர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவனை அப்படிக் கூப்பிடுவதில் உங்களுக்கு ஒரு சந்தோஷம்.

மூன்றாவது டூர் முடிந்து திரும்புகையில் மேலூர் பக்கம் வண்டியை நிறுத்தியிருக்கிறீர்கள். சமையலுக்கு உங்களோடு வந்த என் அக்கா, பாத்திரம் கழுவ வெந்நீர் பிடிக்கக் குழாய்க்குக் கை நீட்டினாள். டாங்க் என் வெல்டிங் ஓரமாகப் பிளந்தது. அவளுடைய வலது கை தோளிலிருந்து விரல்வரை வெந்துபோனது.

ஆஸ்பத்திரி வராந்தாவில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் நீங்கள் சொன்னது: "இவன் வச்ச வெல்டிங்கு விட்டுப்போச்சு. கூடப்பிறந்தவளையே வேக வச்சுட்டான்." நான் அழுதேன். டாங்கைப் பார்க்கணும் என்று கேட்டதற்கு, பழைய இரும்புக் கடையில் போட்டாச்சு என்றீர்கள்.

அதன்பிறகு சொந்தத்தில் ஒருவரும் எனக்கு வேலை தரவில்லை. பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தால், "மாப்ள, அண்டா பக்கம் போயிராத, வெடிச்சுறப் போகுது" என்பீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். பத்து வருஷம் அந்தச் சிரிப்பு. அதைவிடக் கொடுமை, என் கையை நானே நம்பாமல் போனது. வெல்டிங் மெஷினை விற்றுவிட்டு வீடுகளுக்கு கீசர் மாட்டப் போனேன்.

டாங்கை நீங்கள் விற்கவே இல்லை. ஷெட்டின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. சேஃப்டி வால்வின் வாயில் இந்தப் பிளக். அழுத்தம் வெளியேற வழியில்லாத டாங்க், எவன் வெல்டிங் வைத்தாலும் வெடிக்கும்.

அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. தழும்பேறிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தெரியும்டா. வால்வு சொட்டி, கீழ இருந்த பூசைப் பை நனைஞ்சிருச்சு. குளிக்கிற தண்ணி சாமி சாமான்ல படலாமான்னு வந்தவுக அம்புட்டுப் பேரும் சண்டைக்கு நின்னாக. அதேன் அடைச்சாரு."

ஒரு டியூபை மாட்டி வண்டிக்குக் கீழே இறக்கியிருந்தால் தீர்ந்திருக்கும் மச்சான். அந்தப் பையை நகர்த்தி வைத்திருந்தால்கூடப் போதும்.

"தெரிஞ்சுமாக்கா சும்மா இருந்த?"

"அவரு பேரு கெட்டா டூருக்கு யாருடா வருவா? நீ என் தம்பி. பொறுத்துக்குவன்னு நெனச்சேன்."

நான் பொறுத்துக்கொள்ளவில்லை. உங்கள் படத்துக்கு ஒரு பூக்கூட வைக்காமல் எழுந்துவந்தேன். பிளக்கைத் தூர எறி, அவரோடு போகட்டும் என்றாள். எறியவில்லை. வேலைக்குப் போகும்போது என் டூல்ஸ் பையில் அதுவும் வருகிறது. கீசர் வால்வு சொட்டுகிறது, அடைத்துவிடுங்கள் என்று கேட்காத வீடு குறைவு. நேற்று கோச்சடையில் ஒரு அம்மா கேட்டார். அவர் உள்ளங்கையில் பிளக்கை வைத்து, அக்காவின் கையைப் பற்றிச் சொன்னேன்.

"யாருண்ணே அந்தப் படுபாவி?" என்றார்.

உங்கள் பேரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். வேனின் முதுகில் மஞ்சளில் எழுதியிருந்ததையும் சொன்னேன்.