எப்போதும் ஜனவரி ஒன்று காட்டும் கம்ப்யூட்டரும் எங்கள் மடைத் தண்ணீரும்

அனுப்புநர்:
சே. சின்னத்தாயி,
ஆவுடைவயல் கிராமம்,
காரைக்குடி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: கண்மாய்த் தண்ணீர் முறைக்கான கம்ப்யூட்டர் குலுக்கலை வெள்ளிக்கிழமைக்குள் நிறுத்த வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் கண்மாயில் யார் வயலுக்கு முதலில் தண்ணீர் என்பதை முன்பு அய்யனார் கோயிலில் சீட்டுக் குலுக்கி எடுப்போம். சீட்டை மடிப்பதில் தகராறு வந்ததால் இந்தப் போகத்திலிருந்து பாசனச் சங்கம் கம்ப்யூட்டரில் எடுக்கிறது. மூன்று குலுக்கலிலும் பெத்தன் முதல், நான் கடைசி. பெத்தன் மேல் குற்றமில்லை. முன்னால் வருகிறவர்களுக்குச் சந்தேகம் வராது. கடைசியில் நிற்பவளுக்குத்தான் வரும்.

2. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். செயலாளர் வேல்பாண்டி, "அப்பத்தா, அதுக்கு ஆள் அடையாளமா தெரியும்? உங்க ராசி அப்பிடி" என்று சிரித்துக்கொண்டே போட்டார். ஒரு பெயர் மாறாமல் அதே வரிசை வந்தது. சங்கத் தலைவர் அழகுசுந்தரம், "பூக் கட்டிப் பாத்தாக்கூட ரெண்டு தரம் ஒண்ணுபோல வராது. சாமி வாக்கு இது. இன்னும் என்ன சாட்சி கேக்குறீக?" என்று சொல்லிக் கற்பூரம் கொளுத்திவிட்டார்.

3. காரைக்குடியில் கம்ப்யூட்டர் படிக்கும் என் பேத்தி துர்காதேவியிடம் கேட்டேன். கம்ப்யூட்டர் நம்மைப் போலக் கை விட்டுக் குலுக்குவதில்லையாம். தன் கடிகாரத்தில் உள்ள தேதியை வைத்துக் கணக்குப் போட்டு வரிசை சொல்லுமாம். தேதி ஒன்றானால் வரிசையும் ஒன்றுதான். குலுக்கல் முடிந்ததும், யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று சங்கத்தார் வயரைப் பிடுங்கிக் கோயில் அறையில் பூட்டி வைக்கிறார்கள். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும் உள் பேட்டரியும் செத்துவிட்டது. அதனால் எப்போது போட்டாலும் பழைய ஜனவரி ஒன்றுதான் காட்டுகிறது. நானே கண்ணால் பார்த்தேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்குத் தேதி படிக்கத் தெரியும் ஐயா.

4. புதுப் பேட்டரி போட்டுவிடுகிறோம் என்கிறார்கள். அதுவும் ஆகாது. எந்தத் தேதிக்கு எந்த வரிசை வரும் என்று முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிடலாம். அப்புறம் குலுக்கலுக்கு நாள் குறிப்பவர் கையில்தான் தண்ணீர்.

5. கதிர் இப்போது பால் பிடிக்கிறது. போன முறையே என் வாய்க்காலுக்கு வந்தது ஈரம் மட்டும். கண்மாய் மட்டம் மடைக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த முறையும் கடைசி என்றால் வைக்கோல்தான் அறுப்பேன். இரவில் படுத்தால் தூக்கமில்லை, எழுந்து எழுந்து வரப்புக்குப் போய் வருகிறேன்.

6. எனக்கு முதல் முறை வேண்டாம். சலுகை கேட்டு நான் யார் வாசலிலும் நின்றதில்லை. கிராம நிர்வாக அலுவலரை அனுப்பி, அவர் கையாலேயே சீட்டு மடித்து, எல்லார் முன்னாலும் எடுக்க உத்தரவிடுங்கள். அதிலும் கடைசியாக வந்தால் வாய் திறக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் கம்ப்யூட்டரில் குலுக்கிவிட்டு மடை திறக்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் உத்தரவு என் பயிருக்கு உதவாது. தங்கள் ஆள் வரும்வரை, மடை திறக்கத் தூக்கும் பலகை மேல்தான் உட்கார்ந்திருப்பேன், வந்தால் அங்கே வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சே. சின்னத்தாயி
(கையெழுத்து)

இடம்: ஆவுடைவயல்
நாள்: 23.12.2024