எலியாவின் பெயருக்கு எதிரே

அன்பு மகள் லோசாவுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று அலுத்துக்கொள்வாய், மன்னித்துக்கொள். போனில் என்றால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இங்கே மாங்கரேயில் நாங்கள் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், பெர்த்தில் நீயும் அப்படியே இருக்கக் கர்த்தர் காக்கட்டும். அப்பாவுக்கு முழங்கால் வலிதான், கிடங்கு வேலையை விடமாட்டேன் என்கிறார்.

உன் தம்பி எலியாவின் பள்ளியில் பெற்றோர் சங்கம் இந்த வருடம் குடும்பங்களின் தொடர்புப் புத்தகம் போட்டது. பிள்ளையின் பெயர், எதிரே தாய் தகப்பன் பெயர், விலாசம், போன் நம்பர். நம் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள், நூற்று எண்பது வீட்டுப் படிவங்களையும் நானே தட்டச்சு செய்தேன். எலியாவுக்குத் தாய் என்ற இடத்தில் சலீனே அத்தை பெயரைத்தான் போட்டிருந்தேன். பிள்ளையில்லாத அவளுக்கு, பால்குடி மறந்ததும் நான் கொடுத்த பிள்ளை. எட்டு வருடமாக அவள் வீட்டில் வளர்கிறான், அவளைத்தான் அம்மா என்கிறான். நம் சமோவாக்காரர்கள் யாரும் இதைக் கேள்வி கேட்பதில்லை. சங்கத் தலைவி பிரான்வின் கேட்டாள். "ஏம்மா, பெத்தது நீதானே? அப்ப இது யாரு, ஆயாவா? ஒரு பிள்ளைக்கு எத்தனை அம்மாதான் வெச்சிருப்பீங்க?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் லோசா, அதுதான் இன்னும் அறுக்கிறது. அத்தையின் பெயரை அழித்து என் பெயரைப் போட்டேன்.

புத்தகத்தை எலியாவே கொண்டுபோய் அத்தையிடம் காட்டியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது வந்தாள். "அவன் மூச்சுத் திணறுறப்பல்லாம் மடியில போட்டுக்கிட்டுக் கெடந்தேன், நீ ஒரு விரலால தட்டித் திருப்பி எடுத்துக்கிட்ட, படிச்சவ இல்லையா" என்றாள். வெறும் காகிதம்தானே அக்கா, விடு என்றார் உன் அப்பா. "வெறும் காகிதம்தானேடா, அப்ப என் பேரை எழுதுறதுக்கு என்ன கேடு?" என்றவள் டாரோக் கிழங்கைத் தொடாமலே போய்விட்டாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் பிரிஸ்பேனில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கே போய்விடுகிறாளாம், பையனை எங்களிடம் விட்டுவிட்டு. "என்னை எதுக்கு உங்க வீட்டுக்கு அனுப்புறாங்க, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று எலியா என்னிடம் கேட்கிறான். உங்கள் வீடு என்கிறான்.

எலியாவின் தாய் சலீனே என்று திருத்தச் சீட்டு அடித்து, கையெழுத்துப் போட்டு, நூற்று எண்பது வீட்டுக்கும் அனுப்பினேன். "இதுக்கெல்லாம் ஒரு சீட்டா?" என்றாள் பிரான்வின். இந்த முறை நான் சிரிக்கவில்லை. அத்தை வீட்டுக்குள் கதவடியில் ஒன்றைத் தள்ளினேன், அது அப்படியே வெளியே திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரி வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, சளிக்கு மருந்து வாங்கு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

உன் அம்மா,
ஃபுவாதினோ

கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட்கத் துணிவு வருகிறது. மூன்று வருடம் கழித்து இப்போதுதான் வருகிறாய், உன் அறையைச் சுத்தம் செய்துகூட வைத்துவிட்டேன். ஆனாலும் கிறிஸ்துமஸுக்குப் பெட்டியோடு இங்கே வராதே. நேரே சலீனே அத்தை வீட்டுக்குப் போ, உனக்குக் கதவைத் திறப்பாள். இருக்கிற நாளெல்லாம் அங்கேயே அவள் மகளாகத் தங்கு. அவள் கூப்பிட்டால் நான் விருந்தாளி மாதிரி வந்து உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்.