சிவராஜின் பல்வலி

அண்ணா,

ஜெயிலருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னாய். எழுத மாட்டேன். இது உனக்கு.

ஞாயிறு சிறையில் நாம் நடத்தும் தியான வகுப்புக்கு சிவராஜ் வந்தான். செவிலிமேட்டில் நம் அடுத்த தெருத் தறிக்காரன், இப்போது இங்கே கைதி. கன்னம் வீங்கி ஒரு கண்ணே மூடியிருந்தது. டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். ஜெயிலர் சிரித்தார்.

"எதுக்கும்மா டாக்டர்? உங்க தியானம் வந்ததுல இருந்து ஒருத்தனும் கம்ப்ளெயின்ட் பண்றதில்ல. மூச்சைக் கவனிக்கச் சொல்லுங்க, போயிடும்."

சிவராஜ் என்னைப் பார்த்தான். "யக்கா, எத்தினி மூச்சு வுட்டா பல்லு வலி போவும்?"

கூடமே சிரித்தது. வலியைக் கவனி என்று நாம் சொல்லிக்கொடுத்தோம். வாயை மூடு என்று அவர்கள் அதை மாற்றிவிட்டார்கள்.

எல்லோரையும் கண்ணைத் திறக்கச் சொன்னேன். டாக்டர் வரும்வரை எழ வேண்டாம் என்றேன். அறைக்குத் திரும்பும் மணி அடித்தும் ஒருவரும் அசையவில்லை.

டாக்டர் வந்தார். என் அனுமதி அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

வகுப்பே நின்றுவிடும் என்று போனில் கத்தினாய். அவன் கன்னத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. புத்தர் அரண்மனையை விட்டுப் போனதே ஒரு நோயாளியையும் பார்த்ததால்தானே?

வரும் ஞாயிறு சிறை வாசலில் உட்காருவேன். நீயும் வா. கண்ணை மட்டும் மூடாதே.

உன் தங்கை