மூக்கைத் தொடும் சோதனை

அம்மாவுக்கு,

உன்னைக் கும்பிட்டு எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் சிறுமூளையை ஆராய்கிறோம். கை கால் அசைவைச் சீராக்க அதிலிருந்து வெளியே போகும் உத்தரவின் நகல் ஒன்று சிறுமூளைக்குள்ளேயே திரும்பி வரும். அது சரியாக வந்தால்தான் கை குறி தப்பாது.

போன வாரம் நோயாளிகளோடு ஒப்பிட ஆரோக்கியமான ஆள் ஒருவர் தேவைப்பட, நான் போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொட வேண்டும். விரல் கன்னத்தில் போய் நின்றது. நம் குடும்பத்திலேயே பெரிய மூக்கு என்னுடையது, அதையே தவறவிட்டேன் பார்.

"தூக்கக் கலக்கமா? இன்னொரு தடவ செய்" என்று சிரித்தார் சோதனை செய்த அக்கா. நாலாவது தடவை அவர் சிரிக்கவில்லை. விரலின் அசைவைப் பதிவுசெய்த கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

களைப்பாகத்தான் இருக்கும், கவலைப்படாதே. அப்பாவின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மட்டும் அனுப்பு. அவர் படுத்த படுக்கையாவதற்கு முன்னால், கையிலிருந்து முதன்முதலாக டம்ளர் நழுவியபோது அவருக்கு என்ன வயது? யோசித்துச் சொல். தம்பிக்குத் தெரிய வேண்டாம்.

எப்போதும் கையால் எழுதுபவன் இந்தத் தடவை டைப் அடித்திருக்கிறேன். அவசரம், வேறொன்றுமில்லை.

உன் மூத்தவன்