தெருக்குத்து மனை

இன்று காலைப் பேப்பருக்குள்ளிருந்து ஒரு நோட்டீஸ் விழுந்தது. திருமங்கலம் பக்கம் வெளிநாட்டு முதலீட்டில் புது நகரம் வருகிறதாம். கடைசி வரியில் ‘தெருக்குத்து இல்லாத மனைகள்’ என்று போட்டிருந்தான். சேர்ந்து சிரிக்க நீ இல்லையே என்று எரிச்சலாக வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நம் ஆபீசுக்கும் இப்படி ஒரு நகரம் வந்தது. மதுரைக்கு மேற்கே, பருத்திக் காட்டில், வெளிநாட்டு வங்கிக் கடனில். வரைபடமும் அங்கிருந்தே வந்தது. வண்டிகள் வேகமாகப் போகக் கூடாதென்று ஒவ்வொரு தெருவையும் இன்னொரு தெருவில் முட்டி நிற்க வைத்திருந்தார்கள். முட்டுகிற இடத்திலெல்லாம் ஒரு மனை. தெரு நேராக வந்து வாசலில் குத்தினால் அந்த வீடு குடும்பத்துக்கு ஆகாது என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படம் வரைகிற வேலையிலிருந்த நம் இருவருக்கும் தெரியும். நம்மை யாரும் கேட்கவில்லை, நகலெடுத்துக் கொடுத்தோம்.

மனை பார்க்க வந்தவர்கள் அந்த இடங்களில் நின்று தெருவை ஒருதரம் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள். மனைகள் விற்றால்தான் மீதிக் கடன் வரும், அது வந்தால்தான் குடிநீர்க் குழாய். பார்வையிட வந்த வங்கி அதிகாரி காரணம் கேட்டபோது நம் மேலதிகாரி மழையைச் சொன்னார். நீதான் குறுக்கே புகுந்து உள்ளதைச் சொன்னாய். வங்கி அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு போனார். அதற்குள் தெருக்கள் போட்டாகிவிட்டது.

ஊழியர்களுக்கும் குலுக்கலில் மனை ஒதுக்கினார்கள். உனக்கு நல்ல மனை, எனக்குத் தெருக்குத்து. என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். அந்த வாசலில் கால் வைக்க மாட்டேன் என்று அழுதாள். எழுதக் கூசுகிறது, நானும் பயந்துதான் போனேன்.

டீக்கடையில் நீயே பேச்சை எடுத்தாய்.

“மாத்திக்குவோம் மாப்ள. எம் மனைய நீ எடுத்துக்க.”

“ஒனக்குப் பயமா இல்லையா?”

“தெரு வந்து குத்தணும்னா மொதல்ல வீடு இருக்கணும்ல. எங்கய்யா அடுத்தவன் காட்டுலயே ஒழச்சுச் செத்தாரு. அவரு பேருல ஒரு சாண் மண்ணு இருந்ததில்ல. எம்புட்டுக் குத்துனாலும் குத்திட்டுப் போகட்டும்.”

ஒரு பேச்சுக்காவது நான் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தெருக்குத்து மனைகளில் முதலில் எழுந்த வீடு உன்னுடையது. நீ குடியேறி ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் மற்ற தெருக்குத்து மனைகளும் விலைபோயின, குழாயும் வந்தது. மறுபடி வந்த அதிகாரி உன் வீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினாய், பேரன் பேத்தி பார்த்தாய், எழுபதைத் தாண்டினாய்.

நீ போன அன்று பந்தலில் என் பக்கத்திலிருந்தவர் சொன்னார்: “தெருக்குத்து வீடுல்ல. கடைசியில ஆளக் கொண்டுபோயிருச்சு.” உன் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நாம் மாற்றிக்கொண்டது அந்தப் பந்தலில் இருந்தவர்களில் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அதைவிடக் கேவலம், நல்லவேளை தப்பித்தோம் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

நாளை உனக்குப் பதினாறாம் நாள். அதே ஆட்கள் வருவார்கள், அதே பேச்சு வரும். அது என் பேருக்கு விழுந்த மனை, நான் பயந்ததால் இவன் வாங்கிக்கொண்டான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். உன் மனைவி கேட்க வேண்டும்.