எண்ணிக்கையில் ஒரு குண்டு குறைகிறது

நிலவிரவு, நாள் 6. மணி 23:50

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். துப்பாக்கிப் பதிவை எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்பது கிடங்கு விதி. பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது, இப்போதுதான் தூங்கினாள்.

இந்த நோட்டு யார் கைக்குப் போகுமோ தெரியாது, அதனால் முறைப்படி சொல்லிவிடுகிறேன். நான் உலகேஸ்வரி, நிலவின் மூன்றாம் விதைக் கிடங்கின் காப்பாளர். கணவர் சுடலைமணியும் காப்பாளர்தான். சிறுநீரகக் கல் வலியில் துடித்தவரை, சூரியன் மறைவதற்கு முதல் நாள் தலைமை நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். வெயிலில் ஓடும் வண்டி இனி பதினாலு நாள் இரவு முடிந்துதான் வரும். அதுவரை இங்கே நான், பத்து மாத ஆதிரை, விதை மூட்டையோடு வந்திறங்கிய எலிகள்.

விஷம் வைக்க முடியாது, குடிக்கிற தண்ணீரே சுத்திகரித்துத் திரும்பத் திரும்ப வருவது. பொறியை எலிகள் படித்துவிட்டன. ஆகவே காற்றுத் துப்பாக்கி. ஈயம் கூடாதென்று வெள்ளீயக் குண்டு.

தொடக்க அழுத்தம் 200 பார். சுட்டது 10. ஒரு தடவை சுட்டால் 2 பார் இறங்கும். முடிவில் 180. எலி 3. குண்டு மீதம் 84.

நிலவிரவு, நாள் 7. மணி 22:15

காலையில் துப்பாக்கியின் அழுத்தக் கேஜ் 176 காட்டியது. நேற்று வைக்கும்போது 180. இரவில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சூடேற்றியைக் குறைக்கிறோம், குளிர்ந்தால் காற்று சுருங்கும். கவலைப்பட ஒன்றுமில்லை.

மறுபடி 200க்கு ஏற்றினேன். புதிதாக வருபவருக்கு ஒரு வார்த்தை: சாம்பல் சிலிண்டரில் இருப்பது உலர்ந்த காற்று, பக்கத்தில் நிற்கும் நீலச் சிலிண்டர் ஆக்சிஜன். அவசரத்தில்கூட நீலத்தைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸில் ஆக்சிஜன் அழுத்தத்தோடு பட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். ஏற்றும்போது வால்வை மெல்லத் திறக்க வேண்டும். துப்பாக்கியின் காற்றுக்குழாயில் கை வைத்துப் பார்த்து, சூடானால் நிறுத்திவிட்டு ஆறவிட்டு ஏற்ற வேண்டும்.

சுட்டது 8. முடிவில் 184. எலி 2. குண்டு மீதம் 76. (கழித்து எழுதியதுதான். டப்பாவைக் கொட்டி எண்ண நேரமில்லை. இடுப்பில் குழந்தை.)

தலைமை நிலையத்திலிருந்து வந்தது, 21:30. சுடலைமணி:
"கல்லு இன்னும் எறங்கல. டாக்டர் தண்ணி குடி தண்ணி குடின்னு உசுர எடுக்காரு. நீ குறி பாத்தா அந்த எலிகளுக்கெல்லாம் ஆயுசு கெட்டின்னு நெனச்சேன், அஞ்சு போயிருச்சாமே. பாப்பாகிட்ட ஃபோட்டோவக் காட்டு, என்னைய மறந்துரப் போறா."

நிலவிரவு, நாள் 8. மணி 23:20

காலையில் 178. வைத்தது 184.

இந்தத் தடவை குளிரைச் சொல்ல முடியாது. பாப்பாவுக்குச் சளி என்று ராத்திரி முழுக்கச் சூடேற்றியைக் குறைக்கவே இல்லை. அப்படியென்றால் கசிவு. எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன். பத்து நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பிரித்துவிட்டேன். காற்று இருக்கும்போது ஒரு திருகாணியைக்கூடத் தொடக்கூடாது. குண்டு போடாமல், மணல் பெட்டியைப் பார்த்து, காற்று தீரும்வரை சுட்டுத் தீர்த்தேன். பிறகு காற்றை அடைத்து வைக்கும் ரப்பர் வளையமான பழைய ஓ-ரிங்கை எடுத்து, சிலிகான் கிரீஸ் தடவிப் புதியது போட்டேன். உதிரி ஓ-ரிங் பன்னிரண்டில் மீதம் 11. 200க்கு ஏற்றி, போல்ட்டை மூடி, சேஃப்டி போட்டு மாட்டிவிட்டேன். வேட்டை இல்லை.

நேற்று ராத்திரி மூன்று மணி நேரம் தூங்கினேன் என்று நினைக்கிறேன். எழுந்தபோது அரை மணி நேரம் தூங்கியதுபோல இருந்தது.

நிலவிரவு, நாள் 9. மணி 03:10

தொடக்க அழுத்தம் 200. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தேன். குண்டு 1. குறி: தூளிக்குக் கீழே. சுட்டது 1. எலி 0. முடிவில் 198. அறை காலி என்று பார்த்தேன். சேஃப்டி போட்டேன். கை கழுவினேன்.

நிலவிரவு, நாள் 9. மணி 07:40

மேலே இருப்பதை நான் எழுதவில்லை.

கையெழுத்து என்னுடையது. பேனாவும் என்னுடையது. மூன்று மணிக்கு நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

கேஜ் 198.

குண்டு டப்பாவைத் தரையில் கொட்டி எண்ணினேன். எழுபத்தாறு இருக்க வேண்டும். எழுபதுதான். மூன்று தடவை எண்ணினேன். முதல் ராத்திரி 4 பார், இரண்டு குண்டு. அடுத்த ராத்திரி 6 பார், மூன்று. நேற்று ஒன்று. கணக்கு இடிக்கவே இல்லை. குளிரும் இல்லை, கசிவும் இல்லை. தினமும் எண்ணியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

மற்ற ஐந்தும் அலமாரிக் கால்களிலும் சுவர் நுரையிலும் பதிந்திருக்கின்றன. ஆறாவது தூளிச் சேலையை ஊடுருவிப் போயிருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு ஓட்டை. பாப்பாவின் கால் இருக்கும் இடத்திலிருந்து ஒரு சாண். குழலில் சத்தம் அடக்கும் குழாய் இருப்பதால் அவள் விழிக்கக்கூட இல்லை.

தூளிக் கயிற்றில் எலி கடித்த தடம் இருக்கிறது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நிலவிரவு, நாள் 9. மணி 22:05

காலையில் எல்லாவற்றையும் அனுப்பினேன். இரண்டு பதில் வந்தது.

பணி அலுவலர் இம்மானுவேல்:
"பதறாதீங்கம்மா. துப்பாக்கியில காத்த எறக்கி, அலமாரில வச்சுப் பூட்டிருங்க. சாவிய எங்கயாவது ஒளிச்சு வச்சிருங்க. பேட்டரி வண்டி ஒண்ணு இருக்கு, ஆனா இருட்டுல அனுப்புறது ஆபத்து."

சுடலைமணி:
"உலகு, ஒண்ணு சொல்லுதேன், திட்டாத. பாப்பா பொறந்த மூணாம் மாசம் நீ ராத்திரி எந்திரிச்சு, பால் பாட்டில் பூராத்தையும் கழுவி அடுக்கி வச்சுட்டு வந்து படுப்ப. கண்ணு தெறந்துதான் இருக்கும், கூப்ட்டா பதில் வராது. காலைல உனக்கு ஒண்ணும் நெனப்பு இருக்காது. சொன்னா பயந்துருவன்னு சொல்லல. பாட்டில்தானேன்னு இருந்துட்டேன்."

ஏழு மாதமாக அந்த மனிதர் சொல்லவில்லை. பாட்டில் எப்படித் தானாகக் காய்ந்து அடுக்கில் இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை. அவர் கழுவுகிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

நிலவிரவு, நாள் 10. மணி 21:00

காற்றைத் தீர்த்தேன். கேஜ் 0. அலமாரியில் பூட்டினேன். சாவியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு உறைபெட்டியில் வைத்தேன். யாரிடமிருந்து ஒளிக்கிறேன்? ஒளித்த இடம், தூக்கத்தில் எழுந்து நடக்கும் அவளுக்கும் தெரியும். பனிக்கட்டி உருகுவதற்குள் விழித்துவிடுவேன் என்றுதான்.

வலது மணிக்கட்டைக் கட்டில் காலோடு கட்டியிருக்கிறேன். இடது கையால் எழுதுகிறேன், எழுத்துக்கு மன்னிக்கவும்.

நிலவிரவு, நாள் 11. மணி 06:20

கேஜ் 200.

அலமாரி திறந்திருக்கிறது, சாவி பூட்டிலேயே இருக்கிறது. டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. முடிச்சு அறுக்கப்படவில்லை, அவிழ்க்கப்பட்டிருக்கிறது. கயிறு சுருட்டித் தலைமாட்டில் இருந்தது. சாம்பல் சிலிண்டரின் வால்வு இறுக மூடியிருக்கிறது. நீலத்தைத் தொடவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில், என் வலது கை எழுத்தில்: "மூன்று தடவை நிறுத்தி ஏற்றினேன். சூடாகவில்லை."

விழித்திருக்கும் நான் இரண்டு தடவைதான் நிறுத்துவேன்.

நிலவிரவு, நாள் 11. மணி 19:30

மறுபடி காற்றைத் தீர்த்தேன். பால் காய்ச்சும் சட்டியில் குண்டுகளை உருக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். வெள்ளீயம் சீக்கிரம் உருகும். போடுவதற்கு முன் எண்ணினேன். எழுபது இருக்க வேண்டும். அறுபத்தொன்பது.

ராத்திரி சுட்டிருந்தால் கேஜ் 198 காட்டியிருக்கும். காற்றைத் தீர்ப்பதற்கு முன்பே குழலில் கம்பி விட்டுப் பார்த்திருந்தேன், காலி. சுடவில்லை.

ஓ-ரிங்குகளையும் வெட்டிப்போட டப்பாவைத் திறந்தேன். பதினொன்று இருக்க வேண்டும். பத்து.

அறுபத்தொன்பதையும் உருக்கினேன். சட்டியில் ஒரு கட்டியாகக் கிடக்கிறது. உள்ளே இருந்ததையும் சேர்த்துப் பதினொரு ஓ-ரிங்கை வெட்டினேன். பிறகு போல்ட்டை வளைத்துவிடச் சுத்தியலைத் தூக்கினேன். அப்போது தூளிக்குக் கீழே ஒரு எலி வந்து பின்காலில் நின்று மோந்து பார்த்தது. என்னைப் பார்த்தும் ஓடவில்லை. இரண்டு நாளாக யாரும் சுடவில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். துப்பாக்கியை அப்படியே மாட்டிவிட்டேன்.

நிலவிரவு, நாள் 11. மணி 23:55

கிடங்கு முழுக்கத் தேடிவிட்டேன். மாவு டப்பா, மருந்துப் பெட்டி, பாப்பாவின் துணி. கிடைக்கவில்லை. ஒரு குண்டு, ஒரு ஓ-ரிங். எல்லாவற்றையும் அழிக்கப்போகிறேன் என்று எனக்கு முன்னாடியே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எலிகளுக்கு நடுவில் குழந்தையை வைத்துக்கொண்டு, ஒருத்தி எல்லாவற்றையும் அழிக்க வருகிறாள் என்றால் நானும் ஒன்றை எடுத்து ஒளித்துத்தான் வைப்பேன். எங்கே வைப்பேன் என்றுதான் யோசித்துக்கொண்டே

தலை சாய்ந்துவிட்டது. நாலு நிமிடம்தான். துப்பாக்கி மாட்டின இடத்திலேயே இருக்கிறது.

பாப்பாவை மடியில் கட்டியிருக்கிறேன். வெளிச்சம் வர இன்னும் மூன்று நாள். மூன்று நாள் என்னால் விழித்திருக்க முடியாது. இம்மானுவேல் சார், பேட்டரி வண்டி ஒன்று இருக்கிறது என்று சொன்னீர்கள், இருட்டில் அனுப்புவது ஆபத்து என்றும் சொன்னீர்கள். அனுப்புங்கள். அதுவரை மணிக்கொரு தடவை ஒலிபெருக்கியில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நான் பதில் சொல்லவில்லை என்றால், கண் திறந்திருந்தாலும் அது நான் இல்லை. பாப்பா விழித்து அழும்வரை கத்துங்கள்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.