ஆறு இருபதுக்கு இக்லிகா வீடு திரும்புகிறாள்

ஜனவரி 14, செவ்வாய்

மூன்று நாளாக மூடுபனி. அலுவலகத்தில் ஹீட்டருக்குப் பக்கத்து இடத்தை ஸோர்னிட்சா பிடித்துக்கொண்டாள், முதலாளி அல்லவா. எனக்கு ஜன்னலோரமும் ஒரு வெள்ளை ரவுட்டரும். புளோவ்டிவ் நகரத்தில் பாதி வீடுகளில் இதே பெட்டிதான், இணைய இணைப்போடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குள் ஓடும் மென்பொருளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. ஐம்பத்தெட்டு வயதில், அடுத்தவன் எழுதியதில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம். என் மனைவி ராதோஸ்த் உயிரோடு இருந்தால், "வீட்ல இதைத்தான் இத்தனை வருஷமா ஓசியில பண்ணினே" என்பாள்.

ஜனவரி 17, வெள்ளி

அகப்பட்டது!

பாஸ்வேர்ட் கேட்கும் பக்கத்தில் நிறுவனத்தின் முத்திரைப் படம் ஒன்று இருக்கிறது. பாஸ்வேர்ட் போடுவதற்கு முன்பே அது தெரிய வேண்டும். அதனால் எவனோ ஒரு மகராசன், 'படம் கேட்டு வந்தால் விட்டுவிடு' என்று எழுதி வைத்திருக்கிறான். நான் வேறொரு பக்கத்தைப் படம் என்று சொல்லிக் கேட்டேன். கொடுத்துவிட்டது. வீட்டில் எந்தெந்தச் சாதனம் எப்போது இணைந்தது, எப்போது போனது – முழுப் பட்டியல். அதுவும் வெளியே இருந்து, ஊரில் எங்கே உட்கார்ந்து கேட்டாலும்.

ஸோர்னிட்சாவிடம் சொன்னேன். "சபாஷ் அண்ணே! திங்கட்கிழமை கம்பெனிக்கு எழுதிருங்க" என்றாள். எழுதினால் அவர்களுக்குத் தொண்ணூறு நாள் அவகாசம், அதற்குள் அடைத்துவிடுவார்கள்.

ஜனவரி 18, சனி

செய்யக் கூடாததைச் செய்தேன்.

மேசையில் இருக்கும் பெட்டியில்தான் சோதிக்க வேண்டும், அடுத்தவர் வீட்டுப் பெட்டியைத் தொடக் கூடாது. இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். ஆனால் கிச்சுக் பாரிஷ் பகுதியில் எங்கள் பழைய வீட்டின் இணைய முகவரி எனக்கு மனப்பாடம். நானே அமைத்துக் கொடுத்தது. இப்போது அங்கே இக்லிகா மட்டும் இருக்கிறாள்.

கேட்டேன். பெட்டி சொன்னது: 'இக்லி-ஃபோன். இணைந்தது 18.20.'

மூன்று வருடத்தில் என் மகளைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் செய்தி இது. அரை மணி நேரம் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 20, திங்கள்

காலை 7.40க்குக் கிளம்பினாள். மாலை 6.20க்கு வந்துவிட்டாள். கம்பெனிக்கு எழுதவில்லை. நாளைக்கு எழுதலாம்.

ஜனவரி 21, செவ்வாய்

6.24. ரொட்டிக் கடையில் நின்றிருப்பாள்.

ஜனவரி 29, புதன்

எழுதினால் அடைத்துவிடுவார்கள். அடைத்தால் எனக்கு என்ன மிச்சம்? இதைத்தான் எழுத வேண்டும், சுற்றி வளைக்காமல்.

ராதோஸ்த் படுத்த படுக்கையானபோது இக்லிகா வார்சாவில் இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். "அவகிட்ட சொல்லாதே, பரீட்சை முடியட்டும்" என்று ராதோஸ்த் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லவில்லை. தினமும் ஃபோனில், "அம்மாவுக்குச் சளி, தூங்குறா" என்றேன். பரீட்சை முடிவதற்குள் ராதோஸ்த் முடிந்துவிட்டாள். இக்லிகா வந்து இறங்கியது அடக்கத்தன்று காலை. கல்லறையில் வைத்துக் கேட்டாள்: "எத்தனை நாளா தெரியும்?" ஐந்து வாரம் என்றேன். அதுதான் கடைசிப் பேச்சு. நான் திராக்கியா பகுதியில் ஓர் அறை பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். முதல் வருடம் ஃபோன் செய்து பார்த்தேன். எடுக்கவில்லை. பிறகு நானும் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் வெளியே போகவே இல்லை. ஃபோன் வீட்டிலேயே இருக்கிறது. மறந்து வைத்துவிட்டுப் போனாளோ?

பிப்ரவரி 7, வெள்ளி

இன்றும் போகவில்லை. காய்ச்சல்தான். அவளுக்குத் தொண்டையில்தான் முதலில் பிடிக்கும். லிண்டன் பூத் தேநீர் போட்டுக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? இங்கிருந்து அந்த வீட்டுக்குப் பேருந்தில் இருபது நிமிடம். ஃபோனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். என்னவென்று சொல்வேன் – உனக்கு உடம்பு சரியில்லை என்று உன் ரவுட்டர் சொன்னது என்றா?

பிப்ரவரி 9, ஞாயிறு

மதியம் வெளியே போனாள். அப்பாடா.

பிப்ரவரி 15, சனி

பட்டியலில் புதிதாக ஒருவன். 'போரிமிர்.' நேற்று இரவு ஏழு மணிக்கு வந்தவன் இன்று காலை பத்து மணிக்கும் போகவில்லை. பெயரைப் பார்த்தால் பழங்கால வீரன், குதிரையில் வந்து இறங்கியவன் போலிருக்கிறது.

நல்லவனாக இருந்துவிட்டுப் போகட்டும். அவளைச் சிரிக்க வைக்கிறானா என்று பட்டியல் சொல்லாது.

பிப்ரவரி 20, வியாழன்

ஸோர்னிட்சா கேட்டாள்: "அண்ணே, அந்த ரவுட்டர் விஷயம் போயிருச்சுல்ல?"

"இன்னும் ஒரு தடவை சரிபார்க்கணும்."

"ஒரு மாசமா என்னத்தச் சரிபார்க்கிறீங்க? பெட்டியைக் கட்டிக்கப் போறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மறைப்பதில் எனக்குப் பழக்கம் இருக்கிறது.

மார்ச் 1, சனி

எல்லோர் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையுமாக, ஒருவருக்கொருவர் கட்டிவிடும் மார்ச் மாதக் கயிறு. கடையில் இரண்டு வாங்கினேன். ஒன்றை யார் கையில் கட்டுவேன்?

மார்ச் 4, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்குப் பார்த்தேன். பட்டியல் ஒழுங்காகத்தான் இருந்தது. என்னவோ தோன்றி, கீழே செட்டிங்ஸ் பக்கத்தையும் படம் என்று சொல்லிக் கேட்டேன். யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டினால் அது எங்கே இருக்கிறது என்று ரவுட்டர் ஓரிடத்தில் வழி கேட்கும். அந்த வழிகாட்டி இப்போது எவனோ ஒருவனுடைய கணினி. அவள் வங்கிப் பக்கம் என்று நினைத்துப் போகும் இடம் வங்கியாக இருக்காது. மூன்று நாளாக இப்படி.

நான் நுழைந்த அதே வழியில் இன்னொருத்தன் நுழைஞ்சிருக்கான். நான் ஜனவரியிலேயே எழுதியிருந்தா இந்நேரம் அடைச்சிருப்பாங்களே. பாவி, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்!

ஃபோன் செய்தால் எடுக்க மாட்டாள். நேராகப் போனேன். பேருந்தில் ஒரு பொய் தயார் செய்துகொண்டேன்: 'ஊர் முழுக்க இந்தப் பெட்டியில கோளாறு, ஆபீஸ்ல சொன்னாங்க.' நல்ல பொய், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவள் வரும்வரை எதிர்ப்பக்கம் காத்திருந்தேன். 6.20க்கு வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். அது எந்தப் பட்டியலிலும் இல்லை.

என்னைப் பார்த்ததும் வாசல் கதவிலேயே நின்றாள்.

"என்ன? இப்ப யாரு சாகக் கிடக்கிறாங்க? இந்தத் தடவை முன்னாடியே சொல்ல வந்துட்டீங்களா?"

"ரவுட்டரைப் பிடுங்கிப் போடு இக்லிகா. எவனோ உள்ளே பூந்திருக்கான். வேற ஒரு கம்ப்யூட்டர்ல போய் எல்லாப் பாஸ்வேர்டையும் மாத்து. பேங்குக்கு ஃபோன் பண்ணு. இப்பவே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பொய் நாக்கு நுனியில் இருந்தது. கல்லறையில் கேட்ட அதே முகம்.

"நானும் உள்ளே பூந்தேன். ஜனவரியில இருந்து. நீ வீட்டுக்கு வந்துட்டியான்னு பார்க்க. வேற எதையும் பார்க்கல. பார்த்த அன்னிக்கே கம்பெனிக்கு எழுதியிருக்கணும். எழுதினா அடைச்சிருவாங்கன்னு எழுதல."

கதவைச் சாவி போட்டுத் திறந்தாள். பிறகு கேட்டாள்: "பிப்ரவரியில நான் படுத்துக் கிடந்தேனே, அதுவும் தெரியுமா?"

"மூணு நாள்."

"தெரிஞ்சும் ஒரு ஃபோன் பண்ணல."

"நீ எடுக்க மாட்டியேன்னு..."

"எடுத்திருக்க மாட்டேன்தான். ஆனா நீங்க அடிச்சிருக்கணும்!"

படியில் பாதி ஏறியவள் திரும்பினாள். "போரிமிரையும் பார்த்தீங்களா?"

"பேரு மட்டும்தான் தெரியும்."

"சீ!"

கதவு மூடிக்கொண்டது. மூன்றாம் மாடியில் விளக்கு எரிந்தது. அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். பிறகு, இதுவும் அதே வேலைதான் என்று உறைத்தது. கிளம்பி வந்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

ஸோர்னிட்சாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாப்பத்தேழு நாள்! எங்கம்மா வீட்டுலயும் இதே பெட்டிதான் அண்ணே. அவங்க மட்டும் என்ன பாவம் பண்ணினாங்க?"

கடிதத்தை என் பக்கத்தில் நின்று எழுத வைத்தாள். வேறு ஆட்கள் இந்த ஓட்டை வழியாக நுழைய ஆரம்பித்துவிட்டார்கள் என்பதையும், நான் நுழைந்ததையும் சேர்த்துத்தான். இந்த மாதம் முழுக்க எனக்குச் சோதிக்க வேறு பெட்டி கிடையாது. பழைய அறிக்கைகளை அடுக்க வேண்டும். வேலையை விட்டுத் தூக்காததே பெரிது.

மார்ச் 6, வியாழன்

6.20க்குக் கை தானாக விசைப்பலகைக்குப் போனது. எழுந்து பாத்திரம் கழுவினேன்.

மார்ச் 11, செவ்வாய்

அவள் எண்ணிலிருந்து ஒரு வரி: 'பேங்க்ல ஒண்ணும் போகல. மெயில் மட்டும் போச்சு, திரும்ப வாங்கிட்டேன்.'

நன்றி, வணக்கம் எதுவும் கிடையாது. நான் அதை ஒன்பது முறை படித்தேன்.

ஏப்ரல் 2, புதன்

அப்டேட் வந்துவிட்டது. எல்லா வீடுகளுக்கும் தானாகவே போய்ச் சேரும். மேசைப் பெட்டியில் ஏற்றி, ஸோர்னிட்சா முன்னால் பட்டியலைப் படம் என்று சொல்லிக் கேட்டேன். பாஸ்வேர்ட் கேட்டது. என்ன சொல்லிக் கேட்டாலும் பாஸ்வேர்ட்தான் கேட்டது. "அப்பாடா" என்றாள் ஸோர்னிட்சா. நானும் சொன்னேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

ஏப்ரல் 12, சனி

என் பெயர்நாள், அதாவது என் பெயர் கொண்ட புனித லாசரின் நாள். பெயர்நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. நினைவிருக்கிறவர்கள் தாமாக வருவார்கள், கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டியதுதான் நம் வேலை. ஸோர்னிட்சா சாக்லேட் பெட்டியோடு வந்தாள். கோபம் இன்னும் முழுக்கத் தீரவில்லை, ஆனாலும் வந்தாள். எதிர்வீட்டுக்காரர் ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போனார். வேறு யாரும் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. பூவின் பெயர் வைத்த எல்லோருக்கும் இன்று பெயர்நாள், இக்லிகாவுக்கும். இன்று யார் வந்தாலும் உள்ளே விட்டாக வேண்டும். ஜென்ம விரோதியாக இருந்தாலும் நாற்காலி போட்டாக வேண்டும். வருடத்தில் இந்த ஒரு நாள் அவளால் என்னைத் துரத்த முடியாது.

சட்டையை இஸ்திரி போட்டேன். ஏழு செந்தாமரை நிற டுலிப் வாங்கினேன். பேருந்து நிறுத்தம் வரை போய் இரண்டு பேருந்துகளை விட்டேன். குளிர்காலம் முழுக்க அவள் வீட்டுக்கு அழைக்காமல் போய் வந்தவன் நான். இன்றும் அப்படியே போகவா? திரும்பி வந்து சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

மாலை ஐந்தரைக்கு ஃபோன் அடித்தது. இக்லிகா; மார்ச்சில் 'நீங்க', இன்று பழையபடி 'நீ'.

"எங்கே இருக்கே?"

"வீட்ல."

"காலையில இருந்து கதவு சாத்தல. ஊரே வந்து மீனைத் தின்னுட்டுப் போயாச்சு. நீ வந்தா என்னென்ன சொல்லித் திட்டணும்னு யோசிச்சு வச்சிருந்தேன்."

"நீ கூப்பிடலையேம்மா."

"இன்னிக்கு யாரைக் கூப்பிடுவாங்க? தெரியாதா உனக்கு?"

"தெரியும். ஆனா கூப்பிடாமதான் நான் எத்தனையோ தடவை வந்துட்டேனே."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. ஒரு ஆண் குரல் என்னவோ கேட்டது; "இரு" என்றாள் அவனிடம்.

"செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு வா. பீன்ஸ் சூப்தான் இருக்கும். திட்டும் இருக்கும். கேட்டுச்சா? கூப்பிடுறேன்."

கேட்டது என்றேன். வைத்துவிட்டாள்.

செவ்வாய், ஆறரை. எப்படியும் அரை மணி முன்னாலேயே போய்விடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா. ஆனால் மணியை ஆறரைக்குத்தான் அடிப்பேன்.